தானியங்கிக் கியர் பெட்டியும் திராட்டில் கேபிளும்

பெங்களூரின் பழைய கண்டோன்மெண்ட் பகுதியாகிய ரிச்சர்ட்ஸ் டவுனின் தெருக்களில் மெல்ல ஓடும் பழைய தானியங்கிக் கார் ஒன்று குற்றமற்றதாகவே தோன்றக்கூடும். அதே கார் ஹெப்பால் மேம்பாலத்தின் ஏற்றத்தில் இஞ்சின் மட்டும் இரைந்து, வேகம் பிடிக்காமல் திணறினால், முதலில் பார்க்க வேண்டியது கார்புரேட்டரின் பக்கத்திலிருந்து கியர் பெட்டிக்குச் செல்லும் மெல்லிய கேபிளேயாகும்.

ரோவர் 2000, வால்வோ 140 ஆகிய கார்களின் தானியங்கி வகைகளில் இடம்பெற்ற போர்க்-வார்னர் 35 என்னும் மூன்று கியர்ப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதனுள் இரண்டு கிளச்சுகளும் இரண்டு பட்டைப் பிரேக்குகளும் எண்ணெய் அழுத்தத்தால் இறுகிப் பிடிக்கின்றன. காரின் வேகத்தைப் பெட்டி தன் கவர்னரால் அறிகிறது. இஞ்சின் சுமக்கும் பளுவையோ இக்கேபிளின் வாயிலாகவே அறிகிறது. முடுக்கியை மிதித்தால் கேபிள் ஒரு காமைத் திருப்பும். காம் திராட்டில் வால்வின் வில்லை அழுத்தும். அவ்வால்விலிருந்து எழும் அழுத்தம் இரு வேலைகளைச் செய்கிறது. மேல் கியருக்கு மாறுவதைத் தாமதப்படுத்துவது ஒன்று. கிளச்சுகளை இறுக்கும் தலைமை அழுத்தத்தை உயர்த்துவது மற்றொன்று.

இரண்டாவதை மறப்பதே பெரும் கேடு. கேபிள் தளர்ந்திருந்தால் கியர் முன்கூட்டியே மிருதுவாக மாறும். ஓட்டுபவர் அதை நற்குணமென்றே கருதுவார். ஆனால் பளு ஏறும்போது அழுத்தம் போதாமல் கிளச்சுத் தட்டுகள் வழுக்கித் தீயும். எண்ணெய் கறுத்துக் கருகிய நாற்றம் வீசுவது அதன் அடையாளம். கேபிள் மிகையாக இறுகினால் கியர் தாமதமாக, உதறலுடன் மாறும். இது காதில் படுவதால் விரைவில் கவனிக்கப்படுகிறது.

எல்லாப் பெட்டிகளும் ஒன்றல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் அழுத்தத்தை வெற்றிடக் கருவி கவனித்துக்கொள்கிறது. கேபிள் அறுந்தால் முழு மிதியில் கீழ்க் கியருக்கு இறங்குவது மட்டுமே தடைப்படும். 1982-இல் வந்த 700ஆர்4 பெட்டியிலோ அழுத்தமே கேபிளை நம்பியுள்ளது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டுதல் கூடாது.

வகுப்பில் விளக்க மிதிவண்டியின் பிரேக் கேபிள் போதும். உறையின் முனை சற்று நகர்ந்தாலும் உட்கம்பியின் இழுப்பு மாறுவதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

பழுது பார்ப்போர் கேபிளை உற்பத்தியாளர் கையேட்டின்படி அமைத்து, அழுத்தமானியால் சோதிக்க வேண்டும். வேறு கார்புரேட்டர் பொருத்தப்பட்ட கார்களில் சோதனை இன்னும் அவசியம். நெம்புகோலின் நீளம் மாறினால் கேபிள் நகரும் தூரமும் மாறிவிடும். அப்போது ஓய்வு நிலையில் சரியாக இருக்கும் கேபிள், முழு மிதியில் இறுதிவரை இழுபடாமல் நின்றுவிடலாம்.