ரசிகரும் அங்கத்தினரும்: கால்பந்துக் கழகத்தின் கணக்கிலிருந்து கூட்டுறவாளருக்கு ஒரு பாடம்

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் இப்பத்திரிகையில் கால்பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒரு ஸ்தாபனத்தை நேசிப்பது வேறு. அதற்கு உடைமையாளராக இருப்பது வேறு. இந்த வேற்றுமையை விளக்குவதற்குக் கால்பந்துக் கழகத்தைப்போல் தெளிவான உதாரணம் பிறிதொன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இம்மாதப் பாடத்திற்கு அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

நங்கநல்லூரில் கூட்டுறவுக் கல்வி வகுப்பு ஒன்றில் பங்கு மூலதனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர் எழுந்து, “ஐயா, பத்து வருஷமாக எங்கள் டீமுக்குச் செலவு செய்கிறோம். அதில் எங்களுக்கு என்ன பங்கு?” என்று வினவினார். அவரும் அவருடைய நண்பர்களும் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, பெரியமேட்டிலுள்ள நேரு விளையாட்டரங்கிற்கு நீலச் சட்டையுடன் நடந்து செல்பவர்கள். இப்பொழுது நங்கநல்லூர் சாலை நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலிலும் போகிறார்கள். சீட்டு, சட்டை, பயணம், சிற்றுண்டி என்று அவர்கள் செலவழிப்பது சிறு தொகையன்று. அவருடைய வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறலாம்: சட்டப்படி ஒரு பங்கும் இல்லை. ஆனால் அந்த விடையோடு நின்றுவிட்டால் பாடம் முற்றுப்பெறாது.

ஆடுகளத்தின் வரலாறு

சென்னையின் எஃப்.சி. என்னும் கழகம் 2014-ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக்குடன் கூடவே தோன்றியது. நடிகர் அபிஷேக் பச்சன், தொழில் துறையைச் சேர்ந்த விடா தானி, கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி ஆகியோர் அதன் உடைமையாளர்கள். முதலாண்டிலேயே லீக் பட்டியலில் முதலிடம் பெற்று, அரையிறுதியில் கேரளத்திடம் தோற்றது. 2015-இல் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. சொந்த ஊரில் நடந்திருக்கவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடங்கள் வரை பின்தங்கியிருந்த சென்னை அணி அடுத்தடுத்து இரு கோல்கள் பெற்று 3-2 என்று வென்றது. வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்து, சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஊருக்கு அந்த வெற்றி எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அக்காலத்தில் சென்னையில் இருந்தோர் அறிவர்.

2018 மார்ச் 17-இல் பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது முறை கோப்பையை எடுத்தது. அதற்கு அடுத்த பருவத்திலேயே பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் கடைசி இடத்துக்குச் சரிந்தது. 2019-20-இல் மறுபடி எழுந்து இறுதி ஆட்டம் வரை சென்றது. கொரோனா நோயின் காரணமாகப் பார்வையாளரின்றி நடந்த அந்த ஆட்டத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றது. பின்னர் தொடர்ந்து மூன்று பருவங்களில் எட்டாமிடம். 2023-24-இல் ஆறாமிடம். 2024-25-இல் பதின்மூன்று அணிகளுள் பதினோராமிடம்.

ஏற்றமும் இறக்கமும் விளையாட்டுக்கு இயல்பு. விளைச்சல் ஓராண்டு பொய்த்தால் குடியானவன் நிலத்தை விட்டு ஓடுவதில்லை. அணி தோற்றால் ரசிகரும் ஓடுவதில்லை. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்னும் ரசிகர் குழுவினர் தோல்விப் பருவங்களிலும் அரங்கிற்குச் சென்று முரசு கொட்டியவர்களே. அவர்களைக் கலங்கவைத்தது தோல்வியன்று. ஆட்டமே இல்லாமற் போகலாம் என்ற செய்தி.

பணம் எங்கிருந்து வந்தது?

கால்பந்துக் கழகத்தின் வருமானம் பொதுவாக நான்கு வழிகளில் வரும். அரங்கச் சீட்டு விற்பனை முதலாவது. விளம்பரதாரர் தரும் பணம் இரண்டாவது. தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையிலிருந்து லீக் பகிர்ந்தளிக்கும் தொகை மூன்றாவது. வீரரை மற்றொரு கழகத்திற்கு மாற்றும்போது கிடைக்கும் ஈட்டுத்தொகை நான்காவது. செலவிலோ வீரர் ஊதியம், பயிற்சியாளர் ஊதியம், பயணம், மைதான வாடகை, லீக்கில் இடம்பெறுவதற்கான கட்டணம் ஆகியன அடங்கும். நம் நாட்டுக் கழகங்களில் வரவு செலவை எட்டுவதில்லை. குறையை ஆண்டுதோறும் உடைமையாளரே இட்டு நிரப்புகிறார். அதாவது, கழகம் தன் உழைப்பால் வாழவில்லை; ஒருவருடைய மனமுவந்த கொடையால் வாழ்கிறது. அம்மனம் மாறினால் என்னாகும் என்பதே ரசிகரின் அச்சம்.

இதற்கு மேலும் ஒரு பலவீனம் உண்டு. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-இல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் சம்மேளனத்திற்குச் செலுத்தி, ஆட்டத்தின் வணிக உரிமைகளை ஒரே நிறுவனம் பெற்றது. அதன் வழிவந்த எஃப்.எஸ்.டி.எல். என்னும் நிறுவனமே சூப்பர் லீக்கை நடத்திற்று. அவ்வொப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியுடன் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு ஏற்படாமையால், 2025 ஜூலையில் லீக்கை நிறுத்திவைப்பதாக அந்நிறுவனம் கழகங்களுக்குத் தெரிவித்தது. ஆகஸ்டு மாதத்தில் சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. பெங்களூர்க் கழகம் ஊதியத்தை நிறுத்திவைத்தது. பின்னர் வணிக உரிமைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒருவரும் முன்வரவில்லை. அரசு தலையிட்ட பின்பே, 2026 பிப்ரவரியில், பதினான்கு அணிகளுடன் சுருக்கப்பட்ட பருவம் ஒன்று தொடங்கிற்று.

நெசவாளர் அங்கத்தினர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கவேண்டும். சங்கத்தின் சேலைகள் அனைத்தையும் ஒரே வாங்குநர் எடுத்துக்கொள்ளும் காலத்தில் அது பெரும் வசதியாகத் தோன்றும். விற்பனைக் கவலை இல்லை. தவணை தப்பாமல் பணம் வரும். அந்த வாங்குநர் ஒருநாள் கையை விரித்தால், தறி நிற்கும். பாவு சுருண்டு கிடக்கும். பதினான்கு கால்பந்துக் கழகங்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

நேதாஜி சங்கத்தின் கதை

சென்னைக்கு மற்றொரு படிப்பினையும் உண்டு. 1946-இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கிய சிறு கழகம், பிற்காலத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர் பெற்றுத் தனியார் உடைமையில் 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் புகுந்தது. சென்னையில் நிலையான மைதானம் வாய்க்காமல் கோயம்புத்தூருக்கு இடம் பெயர்ந்தது. 2019 மார்ச்சில் அங்கேயே கடைசி ஆட்டத்தை வென்று, 43 புள்ளிகளுடன் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியால் முந்தி லீக்கின் சாம்பியன் ஆயிற்று. சுவிட்சர்லாந்து நாட்டு பாசல் கழகம் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கிற்று. ஆனால் 2021-22 பருவத்து ஐ-லீக்கில் அக்கழகத்தின் பெயரே இல்லை. கோப்பையைத் தூக்கிய மூன்றாம் ஆண்டில், எழுபத்தைந்து வருடப் பழமையுடைய கழகம் களத்தில் காணாமற் போயிற்று. வெற்றி வேறு, நிலைபேறு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

வாடிக்கையாளர், பங்குதாரர், அங்கத்தினர்

ஒரு ஸ்தாபனத்தோடு மனிதனுக்கு மூவகை உறவு ஏற்படலாம். வாடிக்கையாளர் விலை கொடுத்துப் பொருளைப் பெறுகிறார். அத்துடன் கணக்குத் தீர்ந்தது. பங்குதாரர் முதலீடு செய்கிறார். அவருடைய குரல் பங்கின் அளவுக்குத் தக்கபடி ஒலிக்கும். அங்கத்தினரோ சிறு பங்கு செலுத்தினும் பெரும் பங்கு செலுத்தினும் ஒரே வாக்கு உடையவர். வரவு செலவை அறியவும், தணிக்கை அறிக்கையைக் கேட்கவும், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை பெற்றவர். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேரும், 1904-இல் நம் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் கண்ட பெரியோர்களும் நாட்டிய நெறி இதுவே.

ரசிகரின் நிலை விசித்திரமானது. உள்ளத்தால் அவர் அங்கத்தினர், சட்டத்தால் வாடிக்கையாளர். கடையில் துணி பிடிக்கவில்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். ரசிகர் அவ்வாறு போவதில்லை. போகமாட்டார் என்பதை அறிந்த உடைமையாளர் அவரைக் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

பிறநாட்டு அனுபவம்

இந்நிலை மாற்றமுடியாததன்று. லண்டனில் விம்பிள்டன் கழகத்தை வெகுதொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002-இல் அனுமதி தரப்பட்டது. எதிர்த்தும் பயனற்றுப்போன ரசிகர்கள் கலைந்து போகாமல், அதே ஆண்டில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தாமே நிறுவினர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அவர்களுடைய அறக்கட்டளையின் விதி. அடிமட்ட லீக்கில் தொடங்கி ஒன்பதே ஆண்டுகளில், 2011-இல், தேசிய அளவிலான கால்பந்து லீக்கை அடைந்தனர். 2020-இல் பழைய மைதானத்துக்கு அருகிலேயே சொந்த அரங்கம் எழுந்தது. பணமுடை ஏற்பட்டபோது ரசிகர்களிடமே கடன்பத்திரம் விற்று நிதி திரட்டினர்.

ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி உண்டு. வெளியார் எவ்வளவு முதலிட்டாலும், வாக்குரிமையில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் அங்கத்தினர்களின் தாய்ச் சங்கத்திடமே இருத்தல் வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு. வாக்குரிமையுள்ள அங்கத்தினரை மிகச் சிலராகவே வைத்துக்கொண்டு விதியின் எழுத்தைக் காத்து உயிரைப் போக்கிய கழகமும் உண்டு. ஆயினும் 2024-இல் லீக்கின் ஒளிபரப்பு வருவாயில் வெளி முதலீட்டாளரைச் சேர்க்கும் திட்டத்தை ரசிகர்கள் களத்தில் டென்னிஸ் பந்துகளை வீசி எதிர்த்தபோது, அத்திட்டம் கைவிடப்பட்டது. வாக்குள்ளவன் குரல் எடுபடும் என்பதற்கு இது அடையாளம்.

இனி எச்சரிக்கை. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்களுக்கே உடைமையான கழகம். தலைவரை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியிருந்தும் 2021 ஆகஸ்டில் அதன் கடன் 135 கோடி யூரோ என்று புதுத் தலைவர் அறிவித்தார். தம் புகழ்பெற்ற வீரர் மெஸ்ஸியைத் தக்கவைக்க இயலாமற் போயிற்று. அங்கத்தினர் உடைமை என்பது கதவுக்குப் பூட்டு மாத்திரமே; பூட்டைப் பூட்டாமல் உறங்கினால் பழி பூட்டின் மேல் இல்லை. கோப்பைகள் குவியும் ஆண்டில் கணக்குக் கேட்பவனைக் கலகக்காரன் என்பார்கள். கேட்கவேண்டிய ஆண்டும் அதுவே.

நம்மூரில் இயலுமா?

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். பதினாயிரம் ரசிகர்கள் தலைக்கு ஆயிரம் ரூபாய் பங்கு செலுத்தினால் சேரும் மூலதனம் ஒரு கோடி. தேசிய லீக்கில் ஆடும் கழகத்தின் செலவு ஆண்டுக்குப் பல கோடி. ஆகவே கழகத்தை நாளையே வாங்கிவிடலாம் என்று சொல்வது ஆசைகாட்டுதலாகும். ஆனால் ஒரு கோடியில் இயலக்கூடியவை உண்டு. ரசிகர்கள் பதிவுபெற்ற சங்கமாக அமைந்து, சிறு பங்கு ஒன்றை வாங்கி, இயக்குநர் குழுவில் ஓரிடம் கோரலாம். வட்டார இளையோர் அணி ஒன்றைத் தாமே நடத்தலாம். ஊர் மாற்றமோ, பெயர் மாற்றமோ, நடவடிக்கை நிறுத்தமோ செய்யுமுன் தம்மைக் கலந்துகொள்ள வேண்டும் என்று எழுத்து மூலமான உறுதி கேட்கலாம். பதினாயிரம் தனிமனிதர் கேட்டால் கூச்சல். ஒரு சங்கம் கேட்டால் கோரிக்கை. நங்கநல்லூர் இளைஞருக்கு நாம் கூறிய விடையும் இதுவே.

நமக்குரிய பாடம்

ரசிகர்கள் எந்த உரிமைக்காக ஏங்குகிறார்களோ, அது நமக்குப் பல ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. அங்கத்தினர் அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பேரவைக் கூட்டத்தன்று வீட்டில் இருப்பவர், தாமே தம்மை வாடிக்கையாளராகத் தாழ்த்திக்கொள்கிறார். நூல் கொடுத்தார்கள், கூலி கொடுத்தார்கள், உரம் கொடுத்தார்கள் என்று மட்டும் பார்த்திருக்கும் சங்கத்தில், ஐந்தொகையை ஒருவரும் புரட்டுவதில்லை. கடன் வளர்வதும் தெரிவதில்லை. ஒரே வாங்குநரை நம்பியிருப்பதும் தெரிவதில்லை. ஒருநாள் கதவில் அறிவிப்பு ஒட்டப்படும்போது, “எங்கள் சங்கம் ஆயிற்றே!” என்று கலங்குவோம். அவ்வேளையில் நம் கலக்கத்திற்கும் ரசிகரின் கலக்கத்திற்கும் பேதம் இராது.

நல்ல ஆண்டில் சேமநிதியைப் பெருக்குக. விற்பனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைத் தேடுக. தலைவர் எவ்வளவு நல்லவராயினும், அவருடைய தயவால் அன்றிச் சங்கத்தின் வருமானத்தால் சங்கம் நடக்குமாறு பார்த்துக்கொள்க.

வகுப்பில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் சென்ற ஆண்டு விற்பனையில், மிகப் பெரிய வாங்குநர் எடுத்துக்கொண்ட பங்கு எவ்வளவு? அவர் ஓராண்டு வாங்காவிடில் எத்தனை மாதம் கூலி கொடுக்க இயலும்?

2. சங்கத்தின் நடைமுறைச் செலவு சொந்த வருமானத்தால் ஈடுசெய்யப்படுகிறதா, மானியத்தாலா, கடனாலா?

3. சென்ற பேரவைக் கூட்டத்திற்கு வந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் ஐந்தொகையைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்டவர் எத்தனை பேர்?

4. பார்சிலோனா அங்கத்தினருக்கு வாக்கு இருந்தும் கடன் பெருகியது ஏன்? நம் துணைவிதிகளில் கடனுக்கு வைத்துள்ள உச்சவரம்பு என்ன?