கல் ஊன்றிய காடு

மல்லாங்கிணறு பக்கம் பஸ்ஸில் போகும்போது சாலையோரக் கரிசல் காடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பருத்தியும் கம்பும் விளைந்த சில இடங்களில் இப்போது வரிசையாகக் கல் ஊன்றியிருக்கும். வீடுகள் ஒன்றிரண்டுதான், மற்ற மனைகளில் சீமைக் கருவேல்! ஊர் ஏன் இப்படிப் பரவுகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 குடும்பங்களுக்குத் தலைக்கு 3 சென்ட் வீதம் மனை கொடுத்தால் 180 சென்ட். தெருவுக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டால் சுமார் 3 ஏக்கர். கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம் என்றால் பாதி நிலம் போதும். குடிநீர்க் குழாயின் நீளமும் குறையும் அல்லவா?

மாடி கட்ட விதி தடுக்கிறதோ என்று நினைப்பீர்கள். எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தளப் பரப்புக் குறியீடு. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2. மூன்று சென்ட் என்பது 1,307 சதுர அடி. ஆகவே, சுற்றிலும் காலியிடம் விட்டு, 2,614 சதுர அடி வரை கட்டலாம். இரண்டு குடும்பங்களுக்குத் தாராளம். நம் பக்கத்தில் காரணம் வேறு என்பேன்: புஞ்சை மலிவு. நகை வாங்குவதுபோல் மனை வாங்கிப் போடுகிறோம்.

எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே வேளாண்மை என்று நிலத்தைப் பிரித்து வைக்க, 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அனுமதி பெறாமலே பல்லாயிரம் மனைகள் விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு, ஏற்கெனவே விற்றவற்றை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது.

காகிதத்தில் மனை சரியாகிவிடும்; ஓடை?

ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 2 லட்சம் லிட்டர். கரிசல் மண் முதலில் வெடிப்புகள் வழியே குடிக்கும். வெடிப்புகள் மூடியபின் மிச்சம் ஓடை வழியாகக் கண்மாய் சேரும். தரிசு என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் நிலம்தான் கண்மாயின் நீர்ப்பிடிப்பு. அதன் குறுக்கே தெருவை மேடாக்கினால் என்ன ஆகும்? கூரையும் சிமெண்டும் நீரை உறிஞ்சா. ஆகவே ஓடும் நீர் கூடுகிறது, போகும் வழி அடைபடுகிறது. வாசலில் முழங்கால் நீர், கண்மாயில் கட்டாந்தரை!

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். அதில் ஓடைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு மறுநாள் ஆசிரியருடன் நடந்து போய், தெரு குறுக்கிடும் இடங்களில் குழாய்ப் பாலம் உண்டா, அதன் வாய் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள்.