மங்குப் பாலும் பத்து வெள்ளியும்

கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டுவோர் அனைவரும் அறிந்த ஓர் உண்மை உண்டு. மரம் சொட்டுச் சொட்டாகவே மங்கை நிரப்பும். பேராசையால் கத்தியை ஆழ இறக்கினால் மரம் காயப்படும். அவ்விடத்துப் பட்டை பின்னர் முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே வெட்டுவது கடினம். வருகின்ற மாதத்துக் கூலியை நம்பி இன்றே கடன் வாங்குவதும் இத்தகைய ஆழ்வெட்டே அன்றோ?

1957இல் நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் அயல்நாட்டு முதலாளிகள் சிலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். வேலை இழந்தோர், பிறந்து வளர்ந்த லயத்து வீட்டையும் இழந்தனர். அந்நிலையில் 1960இல், அன்று அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவர் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் கேட்டது பத்து வெள்ளி. அக்காலத்தில் அது சில நாள் உழைப்பு. எளிதில் கொடுத்துவிடக்கூடிய தொகையன்று. நம்பலாமா என்று தயங்கியோரும் இருந்திருப்பர். தயக்கத்தைக் குறை கூற இயலாது. ஆயினும் பணம் சேர்ந்தது. மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. கூலிக்கு உழைத்தோர் பங்குதாரர் ஆயினர்.

கூலி போதவில்லை என்னும் குறை மெய்யே. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் அடுத்த சம்பள நாளில், கடைக்காரரின் கணக்கேடு திறக்கப்படுமுன், சிறு தொகை ஒன்றைச் சேமிப்புக் கணக்கில் இட்டுப் பார்ப்போம். அதனை இல்லத்தரசியுடன் கலந்து முடிவு செய்வது நன்று. அடுப்படிச் செலவை அறிந்தவர் அவரே.