கலைக்கூடமும் காணொளியும்

ஓவியம் வாய் திறந்து பேசாது. இருக்கும் இடத்தை விட்டு நகராது. அதனைக் காண விரும்புவோரே அதனை நாடிச் செல்லுதல் வேண்டும். பெருநகரங்களில் கலைக்கூடங்கள் பல உள்ளன. ஆயினும், அவற்றின் வாயில் வழியே நாள்தோறும் நடந்து செல்வோருள் பலர் ஒருமுறையேனும் உள்ளே நுழைவதில்லை. "ஓவியம் கற்றவர்க்கு உரியது, நமக்கு அங்கே என்ன வேலை?" என்று எண்ணி அவர்கள் ஒதுங்கிப் போகின்றனர். இந்தத் தயக்கத்தைப் போக்குவது எங்ஙனம்? அசையாத ஓவியத்திடம் மக்களை அழைத்து வருவதற்கு அசையும் படம் துணை செய்யும் என்பதை நெதர்லாந்து நாட்டுக் கலைக்கூடம் ஒன்று காட்டியுள்ளது.

அந்நாட்டின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகம் உள்ளது. அதன் இன்றைய கட்டடம் 1885ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அங்குள்ள செல்வங்களுள் தலைசிறந்தது, ரெம்பிராண்டு என்னும் பேரோவியர் 1642ஆம் ஆண்டில் தீட்டி முடித்த 'இராக் காவல்' என்னும் ஓவியமாகும். நகரக் காவற்படை ஒன்று தன் தலைவனுடன் புறப்படும் காட்சியை அது காட்டுகின்றது. தலைவன் கையை நீட்டி ஆணையிடுகின்றான். அக்கையின் நிழல், அருகில் நிற்கும் துணைத்தலைவனின் மஞ்சள் நிற மேலாடைமீது படிகின்றது. ஒருவன் முரசு அறைகின்றான். நாய் ஒன்று குரைக்கின்றது. கூட்டத்தினிடையே ஒரு சிறுமி ஒளி வீசி நிற்கின்றாள். பெயர் இராக் காவல் எனினும், காட்சி பகற்பொழுதுக்கு உரியதே. மேற்பூச்சு காலப்போக்கில் கறுத்தமையால், பிற்காலத்தார் அதனை இரவெனக் கருதிப் பெயரிட்டுவிட்டனர்.

அவ்வோவியம் பட்ட துன்பங்களும் பல. 1715ஆம் ஆண்டில் அதனை நகர மன்றத்திற்கு மாற்றியபோது, அங்கிருந்த இடத்திற்கு ஏற்ப அதன் நான்கு பக்கங்களையும் வெட்டிக் குறைத்தனர். 1975ஆம் ஆண்டில் ஒருவன் கத்தியால் அதனைக் கிழித்தான். வல்லுநர்கள் அக்கிழிசல்களைச் செப்பம் செய்து ஓவியத்தைக் காத்தனர்.

கட்டடத்தைப் புதுப்பிக்கும் பொருட்டு 2003ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தின் பெரும்பகுதியை மூடினர். பணி முடிந்து அது மீண்டும் திறக்கப்பெற்றது 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில்தான். இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதனை முழுமையாகக் காணாமலே வளர்ந்துவிட்டனர். அவர்களை மீண்டும் அழைக்க வேண்டும். வெறும் விளம்பரத் தாள் போதுமா?

அவ்வாண்டில் பிரேடா என்னும் ஊரின் கடைத்தொகுதி ஒன்றில் ஒரு புதுமை நிகழ்ந்தது. மக்கள் பொருள் வாங்குவதில் ஈடுபட்டிருந்தனர். திடீரெனத் திருடன் ஒருவன் ஓடினான். பதினேழாம் நூற்றாண்டு உடையணிந்த வீரர்கள் அவனைத் துரத்தினர். சிலர் மேல்தளத்திலிருந்து கயிற்றைப் பற்றி இறங்கினர்; முரசு முழங்கியது. கூடியிருந்தோர் வியந்து நிற்கையில், வீரர்கள் அனைவரும் ஓரிடத்தில் அணிவகுத்து அசையாது நின்றனர். பெரியதொரு சட்டம் மேலிருந்து இறங்கி அவர்களைச் சூழ்ந்தது. அக்கணமே அங்கே 'இராக் காவல்' ஓவியம் உயிர்பெற்று நின்றது! வங்கி ஒன்றின் ஆதரவில் நடைபெற்ற இந்நிகழ்ச்சி படம் பிடிக்கப்பெற்று, இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியது. 'வீரர்கள் மீண்டும் வந்துவிட்டனர். வந்து காணுங்கள்' என்பதே அக்காணொளி சொன்ன செய்தி. ஓவியத்தின் பெருமையை அது நீண்ட சொற்களால் விரிக்கவில்லை. பார்ப்போர் உள்ளத்தில் ஆவலை மட்டுமே தூண்டியது. 2014ஆம் ஆண்டில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அருங்காட்சியகத்திற்கு வந்தனர். புதுப்பித்த கட்டடத்தின் புகழே அதற்குப் பெருங்காரணம் எனினும், காணொளியும் மக்களை அழைத்த குரல்களுள் ஒன்றாகும்.

ஆவலைத் தூண்டுதல் ஒரு பணி. நம்பிக்கையை வளர்த்தல் அதனினும் பெரிய பணி. 2019ஆம் ஆண்டில் இராக் காவலை ஆராய்ந்து பழுதுபார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பழுதுற்ற ஓவியத்தை மக்கள் கண்ணுக்கு எட்டாத அறைக்குக் கொண்டுசென்று, பணி முடிந்த பின்னரே வெளிக்கொணர்வது பொதுவான வழக்கம். இங்கோ, ஓவியம் இருந்த கூடத்திலேயே அதனைச் சுற்றிக் கண்ணாடி அறை ஒன்றை அமைத்து, அதனுள் வல்லுநர்கள் பணி செய்தனர். வந்தவர்கள் நேரிலும், வர இயலாதவர்கள் இணையத்தின் வழியும் அப்பணியைக் காண ஏற்பாடு செய்யப்பெற்றது. தம் செல்வத்தின் குறையையும் காயத்தையும் உலகறியக் காட்டுதற்குத் துணிவு வேண்டும். ஒரு சிறு பிழை நேரினும் அது எல்லார் கண்ணிலும் படும் அன்றோ? ஆயினும், ஓவியம் மக்களின் உடைமை. அதற்குச் செய்யும் மருத்துவத்தை அறியும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்பதை அச்செயல் உணர்த்தியது.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது அருங்காட்சியகத்தின் கதவுகள் அடைபட்டன. அப்போது அதன் அறிஞர்கள் தத்தம் இல்லங்களில் இருந்தவாறே தமக்கு விருப்பமான கலைப்பொருள்களைப் பற்றிப் பேசி, அவற்றைக் காணொளிகளாக வெளியிட்டனர். வீட்டுக்குள் அடைபட்டிருந்தோர்க்கு அவை ஆறுதல் அளித்தன. பின்னர் 2022ஆம் ஆண்டில், 8,439 ஒளிப்படங்களை இணைத்து ஆக்கிய இராக் காவலின் பெரும்படம் ஒன்று வெளியிடப்பெற்றது. அதில் 71,700 கோடி புள்ளிகள் உள்ளன. வீட்டிலிருந்தே ஓவியரின் தூரிகைத் தடத்தையும் வண்ணத்தின் வெடிப்பையும் எவரும் அதில் காணலாம். ஒரு வீரனின் தலைக்கவசத்தில் ரெம்பிராண்டு முதலில் இறகுகளை வரைந்து, பின்னர் அவற்றை மறைத்துவிட்டமையும் ஆய்வினால் புலப்பட்டது. பேரோவியரும் எழுதி, அழித்து, மீண்டும் எழுதியவரே என்பதை அறியும் மாணவர்க்கு அது நல்லதொரு பாடம் அன்றோ?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது; திரையில் கண்ட ஓவியமும் அத்தகையதே" என்று சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. இராக் காவல் ஏறத்தாழ பன்னிரண்டரை அடி உயரமும் பதினைந்து அடி அகலமும் உடையது. அதன்முன் நிற்பவர் வீரர்கள் தம்மை நோக்கி நடந்து வருவது போலவே உணர்வர். உள்ளங்கை அளவுத் திரையில் அவ்வுணர்வு தோன்றாது. மேலும், விரைந்து ஓடும் படம் பழகிய கண், அசையாத ஓவியத்தின்முன் பொறுமையின்றித் துடித்தலும் உண்டு. நகைப்பு ஒன்றையே நாடி எடுக்கப்பெறும் காணொளி, கலையை மக்களிடம் சேர்ப்பதற்கு மாறாக அதனை மலிவாக்கிவிடும்.

ஆகவே, காணொளி தன் எல்லையை அறிந்து நிற்றல் வேண்டும். கைகாட்டி மரம் ஊருக்கு வழி காட்டும். அதுவே ஊர் ஆகாது. நீட்டிய கையின் நிழலை ஒரு காணொளி சுட்டிக் காட்டுமாயின், அதனைக் கண்டவர் நேரில் வரும்போது அந்நிழலைத் தாமே தேடிக் காண்பார். தேடும் கண்ணை அளிப்பதே நல்ல காணொளியின் பயன்.

2024ஆம் ஆண்டு நவம்பரில், அக்கண்ணாடி அறையினுள் வல்லுநர்கள் இராக் காவலின் பழைய மேற்பூச்சை மெல்ல மெல்ல நீக்கத் தொடங்கினர். வெளியே மக்கள் நின்று நோக்கினர். ஓவியத்தின்மீது படிந்த பழம்பூச்சு நீங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, கலை கற்றவர்க்கு மட்டுமே உரியது என்னும் பழைய எண்ணம் பலர் உள்ளத்திலிருந்து நீங்கியிருந்தது.