வண்டிக் கொட்டகைக்கு ஒரு மின்விசிறி

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கயத்தாற்றை நெருங்கும்போது வானத்தைத் துழாவிக்கொண்டு நிற்கும் காற்றாலைகளைக் கண்ட ஒருவர், இவ்வூரில் மின்விசிறிக்கு என்ன அவசியம் என்று கேட்பாராயின், அவர் ஆனி ஆடியில் வந்தவரே அன்றிப் பங்குனி சித்திரையில் வந்தவரல்லர். மேல்காற்று இறங்கும் வரையில், தகரம் வேய்ந்த வண்டிக் கொட்டகைக்குள் மோட்டார் சைக்கிளின் சங்கிலியைச் சரிசெய்ய உட்காருகிறவன், பத்து நிமிஷத்தில் ஸ்நானம் செய்தவனைப் போல் எழுந்திருக்கிறான்.

கடைக்குப் போகுமுன் கூரையை அண்ணாந்து பார்ப்பதே முதற் காரியம். விசிறி உஷ்ணத்தைப் போக்குவதில்லை; இருக்கிற காற்றை அசைக்கிறது, அவ்வளவே. ஆகையால் தகரத்தின்மேல் வெள்ளைப் பூச்சோ பனையோலையோ போட்டு, சுவரின் உச்சியில் வெப்பக் காற்று வெளியேற இடைவெளியும் விட்ட பிறகே விசிறியின் பிரயோஜனம் தெரியும்.

அடுத்தது, அதைத் தாங்கப்போவது எது என்பது. காங்கிரீட் கூரையாயின் வார்க்கும்போதே பதித்த கொக்கி இருக்கும். தகரக் கொட்டகையில், தகட்டிலோ அதைத் தாங்கும் மெல்லிய சட்டத்திலோ தொங்கவிடுவது அபாயம். இரண்டு உத்திரங்களுக்குக் குறுக்கே கனமான இரும்புக் குழாயைப் போல்ட்டுப் போட்டு இறுக்கி, அதில்தான் மாட்டவேண்டும். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கிற சுபாவமுடையதாகையால், ஆழமின்றி நட்ட தூண்கள் நாளடைவில் சாய்வதுண்டு. சாய்ந்த தூணை நம்பி விசிறி வாங்குவதைவிட, முதலில் தூணைச் சீர்செய்வது மேல்.

பிறகு அளவுநாடா. இறக்கைகள் தரையிலிருந்து 8 அடிக்குக் குறையாமலும், கூரையிலிருந்து ஓரடியாவது தாழ்ந்தும் இருக்கவேண்டும். காரின் டிக்கியைத் திறந்துவைத்து, அதன் மூடி எட்டும் உயரத்தையும், ஷட்டர் சுருளும் இடத்தையும் அளந்துகொள்ளவேண்டும். இத்தனைக்கும் இடமில்லாத தாழ்ந்த கொட்டகைக்குச் சுவரில் மாட்டும் விசிறியே உசிதம்.

பத்தடிக்குப் பத்தடி இடத்துக்கு 1200 மில்லிமீட்டர், அதாவது 48 அங்குல விசிறி போதும். நீண்ட கொட்டகையாயின் பலரும் நடுமையத்தில் மாட்டுகிறார்கள். காருக்கு வியர்ப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். மனிதன் நின்று வேலைசெய்யும் மூலைக்கு நேரே மாட்டுவதே விவேகம்.

மோட்டார் விஷயத்தில் கடைக்காரர்கள் பி.எல்.டி.சி. விசிறியையே சிலாகிப்பார்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 வாட் அளவில் அடங்கிவிடும் என்பதும் மெய்யே. ஆனால் தினம் ஒரு மணி நேரம் மட்டுமே ஓடும் கொட்டகையில், 2 மாத மின்கணக்கில் முன்னது நாலரை யூனிட், பின்னது 2 யூனிட்டுக்கும் குறைவு. இந்த அற்ப லாபத்துக்காகக் கிரயத்தைக் கூட்டிக் கொடுப்பானேன்? அதிலுள்ள மின்னணுப் பலகையும் தகரத்தின் சூட்டை விரும்புவதில்லை. கொட்டகையிலேயே தையல் மிஷின் போட்டு 8 மணி நேரம் உழைப்பவருக்கு 36 யூனிட் 15க்குள் இறங்குமாதலால், அவர் அதை வாங்குவது நியாயம். எதை வாங்கினாலும், 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்குக.

மிஞ்சும் பணத்தைப் பேரிங்கில் செலவிடலாம். கரிசல் புழுதி மாவைப்போல் நுண்ணியது. மூடிய பேரிங் இல்லாத விசிறி சீக்கிரமே முனகத் தொடங்கும். அலங்கார வேலைப்பாடுள்ள இறக்கைகளில் புழுதி தங்கிப் பாரம் ஏறுவதால் விசிறி ஆடும். வழவழப்பான அலுமினிய இறக்கையே ஈரத்துணிக்கு வசப்படுவது. ஸ்விட்சைப் பெட்ரோல் கேனுக்குத் தூரமாக, இடுப்புக்கு மேல் உயரத்தில் வைக்கவேண்டும். பெட்ரோல் ஆவி தரையோடு படர்வது.

மாட்டி முடிந்தபின், ரப்பர் புஷ்ஷும், போல்ட்டின் நுனியில் செருகி விரித்த காட்டர் பின்னும் இருக்கின்றனவா என்று ஏணியில் ஏறி ஒருமுறை கண்ணால் பார்ப்பது உத்தமம். ஷட்டர் திறந்திருக்கும் கொட்டகைக்குள் ஆடிக்காற்று புகுந்தால், மின்சாரமில்லாமலே விசிறி சுழன்று குலுங்கும். அந்தக் குலுக்கலில்தான் போல்ட்டுகள் தளர்கின்றன. எனவே வைகாசி முடிவதற்குள் வருஷந்தோறும் அவற்றை முடுக்கி, மோட்டாரைக் குழாயோடு சேர்த்து ஓர் எஃகுக் கம்பிவடத்தையும் கட்டிவைக்கவேண்டும்.