வரைந்த படம் களவு போனால்: இணைய ஓவியர்களுக்கு ஒரு பதிப்புரிமை வழிகாட்டி

இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்த படம், மூலையில் இருந்த கையெழுத்து மட்டும் வெட்டப்பட்டு, முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் அவர் பெயரில் தொங்குகிறது. அல்லது யாரோ விற்கும் டி-ஷர்ட்டில் அச்சாகியிருக்கிறது. இணையத்தில் தொடர்ந்து ஓவியம் பகிர்கிறவர்களில் இந்த அனுபவம் இல்லாதவர்கள் குறைவு. அப்போது வரும் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தில் எழுதும் புகார் எளிதில் தள்ளுபடியாகிவிடும். படம் இறங்க வேண்டுமென்றால், சரியான இடத்தில் சரியான சொற்களில் முறையிட வேண்டும்.

2000ஆம் ஆண்டு தொடங்கிய டீவியன்ட்ஆர்ட், தொழில்முறை ஓவியர்கள் கூடும் ஆர்ட்ஸ்டேஷன், ஜப்பானின் பிக்ஸிவ், நம்மில் பலரும் புழங்கும் இன்ஸ்டாகிராம் என எந்தத் தளத்தை எடுத்தாலும் இரண்டு வகை விதிகள் உண்டு. ஒன்று, தளம் தானே வகுத்துக்கொண்ட விதிகள்: வயது வந்தோருக்கான படம் என்ற குறியீடு, ஏஐ படம் என்ற அடையாளம், தொந்தரவு, ஆள்மாறாட்டம் போன்றவை. இவற்றில் தீர்ப்பு சொல்பவர்கள் தளத்தின் ஊழியர்களே. மற்றது பதிப்புரிமைச் சட்டம். இங்கே தளம் நீதிபதி இல்லை. டிஎம்சிஏ என்ற 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, முறையான புகார் வந்ததும் படத்தை விரைந்து இறக்கிவிட்டால் தளத்தின் மீது பொறுப்பு விழாது. அதனால் உங்கள் உழைப்பு எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று அவர்கள் பார்ப்பதில்லை. புகார் முழுமையாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் பின்பற்றுங்கள்.

படி 1: பதிவேற்றும் நாளிலேயே சான்று சேருங்கள்

படம் திருடப்பட்ட பிறகு சான்று தேடுவது கடினம். லேயர்கள் பிரிந்திருக்கும் மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். பென்சில் கோட்டுப்படம், வண்ணம் தீட்டும் நிலை, முடிந்த படம் என மூன்று கட்டங்களையாவது தேதியோடு சேமியுங்கள். காகிதத்தில் வரைபவர்கள் அசலைப் பத்திரப்படுத்தி, வரையும்போதே சில புகைப்படங்கள் எடுத்து வைக்கலாம். தளத்தில் ஏற்றுவது சிறிய அளவுப் பிரதியாக இருக்கட்டும். அச்சுக்கு உகந்த பெரிய கோப்பு உங்களிடம் மட்டுமே இருப்பது வலுவான சான்று. கையெழுத்தை ஓரத்தில் போடாமல், வெட்டினால் படமே கெடும் இடத்தில் போடுங்கள்.

இந்தியச் சட்டப்படி, படம் வரைந்து முடித்தவுடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் வணிக மதிப்புள்ள படங்களை மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்து வைத்தால் நீதிமன்றத்தில் கைகொடுக்கும். ஓவியம் ஒன்றுக்கு 500 ரூபாய்க் கட்டணம். பொருள்களில் பயன்படுத்தும் ஓவியத்துக்கு 2,000 ரூபாய். இந்தியாவும் அமெரிக்காவும் பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், மதுரையில் வரைந்த படத்துக்கு கலிஃபோர்னியாவிலும் பாதுகாப்பு உண்டு.

படி 2: உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்

வரைந்தவரே உரிமையாளர் என்பது பொது விதி. இதற்கு முக்கியமான விலக்குகள் உண்டு. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்து வரைந்த படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நிறுவனத்துக்கே சொந்தம். கமிஷன் வாங்கி வரைபவர்கள் இன்னொன்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். திருமணத் தம்பதியின் படத்தை வரைந்து கொடுத்தால், ஒன்றும் பேசிக்கொள்ளாத நிலையில், உரிமை அவர்களுடையது. ஆகவே கமிஷன் ஒப்புக்கொள்ளும்போதே, உரிமை ஓவியரிடமே இருக்கும், வாங்குபவர் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உரிமையை விற்றுவிட்டாலும் பெயரை யாரும் பறிக்க முடியாது. படைத்தவர் என்று பெயர் கோரவும், தன் மதிப்பைக் கெடுக்கும் சிதைப்பை எதிர்க்கவும் பிரிவு 57 இடம் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துச் சிதைய விட்டதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது இந்தப் பிரிவின் அடிப்படையில்தான்.

படி 3: நடந்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள்

எல்லா ஒற்றுமையும் திருட்டு ஆகாது. கருத்துக்கும் பாணிக்கும் பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்கு மட்டுமே உண்டு என்பதை ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மழையில் நனையும் கோயில் யானை என்ற எண்ணத்தை எவரும் வரையலாம். உங்கள் யானையின் நிற்கும் கோணம், நிழல் விழும் விதம், பின்னணி மண்டபத்தின் அமைப்பு எல்லாம் அப்படியே வந்தால்தான் சிக்கல்.

• படத்தை அப்படியே எடுத்து ஏற்றியிருந்தால், அது நேரடி மீறல். பதிப்புரிமைப் புகார் கொடுங்கள்.
• கோட்டுக்குக் கோடு ட்ரேஸ் செய்திருந்தாலும் மீறலே. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டுங்கள்.
• உங்கள் பெயரில் போலிக் கணக்கு நடந்தால், அது ஆள்மாறாட்டம். தளத்தின் சொந்த விதியில் புகார் செய்வது வேகமான வழி.
• பாணியைப் பின்பற்றியிருந்தால் சட்டப் புகாருக்கு இடமில்லை.
• விமர்சனத்துக்காகவோ பகடியாகவோ எடுத்தாண்டிருந்தால், அது சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடாக இருக்கலாம். புகார் கொடுக்கும் முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2015இல் சொல்லியிருக்கிறது.

ஃபேன் ஆர்ட் வரைபவர்கள் ஓர் உதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமையாயின. எனவே ‘பொன்னியின் செல்வன்’ எழுத்தைப் படித்து உங்கள் கற்பனையில் வந்தியத்தேவனை வரைய, விற்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் அந்தத் தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் தனிப் படைப்புகள். ஓவியர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். மணியம் மறைந்தது 1968இல். ஆக, 2028 முடியும்வரை அவர் கோடுகளை ட்ரேஸ் செய்து விற்கக் கூடாது. 2022இல் வந்த திரைப்படத்தின் காட்சிகளும் அப்படித்தான். 1906இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்களை யாரும் எடுத்தாளலாம்.

படி 4: பேசுவதற்கு முன் பதிவு செய்யுங்கள்

திருடியவருக்குச் செய்தி அனுப்பிவிட்டால் அவர் படத்தை நீக்கிவிட்டு, ‘நான் போடவே இல்லை’ என்று சொல்லலாம். எனவே முதலில் முழுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முகவரிப் பட்டை, கணக்கின் பெயர், பதிவேற்றிய தேதி எல்லாம் தெரிய வேண்டும். விற்பனைப் பக்கமாக இருந்தால் விலையும் விற்பவர் பெயரும் சேரட்டும். ஒவ்வொரு படத்தின் முழு லிங்கையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். கணக்கின் முகப்பு லிங்க் மட்டும் கொடுத்தால் புகார் நிற்காது.

படி 5: ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள்

தெரியாமல் செய்தவர்களும் உண்டு. வாட்ஸ்ஆப்பில் வந்ததைப் பிடித்துப்போய் ஏற்றியிருப்பார்கள், பள்ளி மாணவராகக்கூட இருக்கலாம். ‘வணக்கம். இந்தப் படம் நான் வரைந்தது. என் பக்கத்தில் இந்தத் தேதியில் வெளியிட்டேன். அனுமதி இல்லாமல் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. மூன்று நாளில் நீக்கிவிடுங்கள். நன்றி’ என்ற நான்கு வரி போதும். விற்பனைக்கு வைத்திருப்பவர்களுக்கும், உங்கள் பெயரை வேண்டுமென்றே அழித்தவர்களுக்கும் இந்த அவகாசம் தேவையில்லை. நேரே அடுத்த படிக்குப் போகலாம்.

படி 6: முறையான புகாரில் ஆறு விஷயங்கள் இருக்கட்டும்

பெரிய தளங்களில் பதிப்புரிமைப் புகாருக்கென்றே படிவமோ மின்னஞ்சல் முகவரியோ இருக்கும். டிஎம்சிஏ கேட்பவை இவை:

1. உங்கள் கையெழுத்து. பெயரைத் தட்டச்சு செய்த மின்னணுக் கையெழுத்தும் செல்லும்.
2. எந்தப் படைப்பு களவு போனது என்ற விவரம், அசலின் லிங்க்.
3. மீறல் இருக்கும் இடத்தின் துல்லியமான லிங்க்.
4. உங்கள் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல்.
5. இந்தப் பயன்பாட்டுக்கு உரிமையாளரோ சட்டமோ அனுமதி தரவில்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புவதாக ஓர் அறிக்கை.
6. தந்த விவரங்கள் உண்மை என்றும், பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு, உரிமையாளர் அல்லது அவர் சார்பில் பேச அதிகாரம் பெற்றவர் நான் என்றும் ஓர் உறுதிமொழி.

வெளிநாட்டுத் தளத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள். வர்ணனை வேண்டாம், வசை கூடவே கூடாது. ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரலாம். வீட்டு முகவரியைத் தர அஞ்சுபவர்கள் வழக்கறிஞரையோ நம்பகமான பிரதிநிதியையோ தங்கள் சார்பில் கொடுக்கச் சொல்லலாம். 18 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

படி 7: இந்தியத் தளம் என்றால் நாள்களை எண்ணுங்கள்

இந்தியச் சட்டத்தின் பிரிவு 52(1)(சி), 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதி 75 ஆகியவற்றின்படி எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். புகாரில் நிறைவடைந்தால் தளம் 36 மணி நேரத்தில் படத்துக்கான அணுகலைத் தடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் தளம் படத்தைத் திரும்ப வைத்துவிடலாம். அதனால் புகாரிலேயே வழக்குத் தொடுப்பதாக உறுதி தர வேண்டியிருக்கிறது. விற்பனை பெரிய அளவில் நடக்கிறது என்றால் முதல் நாளே வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்கள் வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கப் பிரிவு 62 வழிசெய்கிறது. தெரிந்தே செய்த மீறலுக்குப் பிரிவு 63இன்கீழ் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

படி 8: உங்கள் மீதே புகார் வந்தால்

படம் திடீரென்று நீக்கப்பட்டு எச்சரிக்கை வந்தால், முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். தள விதி மீறல் என்றால் மேல்முறையீட்டுப் படிவம் இருக்கும். குறியீடு போட மறந்ததுதான் காரணம் என்றால் அதைத் திருத்திவிட்டுச் சுருக்கமாகக் கேளுங்கள். பதிப்புரிமைப் புகார் என்றால், அது தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எதிர்ப் புகார் அனுப்புங்கள். நீக்கப்பட்ட படம், அது இருந்த இடம், தவறுதலாக நீக்கப்பட்டது என்ற சத்திய அறிக்கை, முகவரி, கையெழுத்து, அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்பை ஏற்கும் சம்மதம் ஆகியவை வேண்டும். எதிர்த்தரப்பு வழக்குத் தொடுக்காவிட்டால் 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் படம் திரும்ப வர வேண்டும்.

அடுத்தவர் புகைப்படத்தை ரெஃபரன்ஸாக வைத்து வரைந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். 2008இல் ஒபாமாவின் புகழ்பெற்ற சுவரொட்டியை வரைந்த ஷெப்பர்ட் ஃபேரி, ஒரு செய்தி நிறுவனத்தின் புகைப்படத்தைப் பயன்படுத்தினார். உரிமை வழக்கு 2011இல் சமரசமாக முடிந்தது. ஆனால் எந்தப் புகைப்படம் என்பதை மறைக்கக் கோப்புகளை அழித்ததற்காகவும் பொய்ச் சான்று உருவாக்கியதற்காகவும் 2012இல் அவருக்கு இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் அபராதமும் கிடைத்தன. பட உரிமையைவிடப் பொய்தான் அவரை அதிகம் வருத்தியது. அனுமதி உள்ள ஸ்டாக் படங்களையும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப் படங்களையும் அவற்றின் நிபந்தனைப்படி பெயர் சொல்லிப் பயன்படுத்துங்கள்.

படி 9: விதி மாற்ற மடல்களைப் படியுங்கள்

2022 நவம்பரில் டீவியன்ட்ஆர்ட் தன் ஏஐ கருவியை அறிமுகப்படுத்தியபோது, மறுப்புத் தெரிவிக்காத ஓவியர்களின் படங்கள் ஏஐ பயிற்சிக்குக் கிடைக்கும் என்ற நிலை இருந்தது. ஓவியர்கள் திரண்டு எதிர்த்ததும் அந்த இயல்புநிலை மாற்றப்பட்டது. 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர்கள் மூவர் ஏஐ நிறுவனங்கள் மீதும் டீவியன்ட்ஆர்ட் மீதும் வழக்குத் தொடுத்தனர். எனவே உங்கள் கணக்கின் அமைப்புகளில் ஏஐ பயிற்சி தொடர்பான தெரிவு எப்படி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நீங்கள் ஏஐ கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அதற்கான அடையாளத்தைத் தவறாமல் போடுங்கள்.

செய்யக் கூடாதவை

திருடியவர் பெயரைப் போட்டு ஆள்திரட்டித் திட்ட வைக்காதீர்கள். தொந்தரவு விதியில் உங்கள் கணக்கே முடங்கலாம். பிடிக்காதவரை அடக்கப் பொய்ப் புகார் கொடுக்காதீர்கள். தெரிந்தே பொய் சொன்னால் இழப்பீடு தர வேண்டியிருக்கும் என்று டிஎம்சிஏ சொல்கிறது. ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுப்பவர்மீது இந்தியாவிலும் பிரிவு 60இன்கீழ் வழக்குத் தொடுக்கலாம்.

திருட்டைப் பார்த்து மனம் வெறுத்துப் பக்கத்தையே மூடிவிடும் இளம் ஓவியர்கள் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் முறை மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். மூலக்கோப்பைச் சேமியுங்கள், கமிஷனை எழுத்தில் பேசுங்கள், லிங்கோடு முறையிடுங்கள். வேறொருவர் படம் களவு போனதைப் பார்த்தால் அவருக்கும் சொல்லுங்கள்.