மாலையைக் கழற்றிய பிறகு

செஞ்சி பக்கத்துச் சிங்கவரத்திலிருந்து எழுதுகிறேன். சின்ன வயதில் சொந்தக்காரர் ஒருவரின் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, மீசை முளைத்ததும் குடியில் விழுந்து, பிறகு எழுந்தவன் நான். இப்போது குடியை விட வருகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். பலர் ஒரு மணி நேரம் குடியைப் பற்றியே பேசுவார்கள். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, அந்த இன்னொரு விஷயத்தைச் சொல்வார்கள். அவர்களுக்காகத்தான் இது.

1. முதலில் உடம்பைப் பார். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். இரண்டு மூன்று நாளில் பிட்ஸ் வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகக்கூடும். கதவைச் சாத்திக்கொண்டு வைராக்கியத்தில் நிறுத்தாதே. செஞ்சியில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று கூச்சமாக இருந்தால் விழுப்புரம் பஸ் ஏறி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு வாங்கு. எவ்வளவு குடிக்கிறாய், கடைசியாக எப்போது குடித்தாய், வேறு மாத்திரை போடுகிறாயா என்பதை உள்ளபடி சொல்.

2. இது வீட்டில் இருக்கிறவர்களுக்கு. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலக்காதீர்கள். அப்படிக் கலக்கும் டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி ஆள் போய்விடக்கூடும். மருத்துவர் சொல்லி, அவரே சம்மதித்து எடுத்துக்கொண்டால் அதே மருந்து துணை நிற்கும். இவருக்கு மறைத்துக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சின்ன வயதில் இவர் உடம்பை இவர் சம்மதமில்லாமல் ஒருவன் ஆண்டான். இனி அந்த உடம்புக்குள் போவது எதுவும் இவருக்குத் தெரிந்துதான் போக வேண்டும்.

3. கடை மூடிய நாளில் சாராயம் தேடிப் போகாதே. 2023-ல் நம் மாவட்டத்து எக்கியார்குப்பத்திலும், 2024-ல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் ஆட்களைக் கொன்றது சாராயத்தில் இருந்த மெத்தனால்.

4. ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுத் தொடாதவர்கள் நம் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் அவர்களில் சிலர் மறுபடி கடை வாசலில் நிற்பார்கள். ஊர் கேலி பேசும். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. 48 நாள் நிறுத்தியவனுக்கு மன உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? விரதத்தில் விடிகாலைக் குளியல் உண்டு, பஜனை உண்டு, கண்டிக்கக் குருசாமி உண்டு, சின்னப் பிள்ளைகூட ‘சாமி’ என்று கூப்பிடும். தனியாக இருக்க நேரமே கிடையாது. மாலை இறங்கியதும் பழைய இரவு திரும்பி வருகிறது. இருட்டில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு விறைக்கிறதே, அந்த இரவு. அதை மறக்கத்தான் நீ குடித்தாய்.

அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் அண்டாவும் குழுவாகச் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது. அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர் என்று சிறுவயதுத் துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிட, குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு. நம் ஊரில் இந்தக் குடிக்குத் திமிர் என்று பெயர். ஆகவே குடியை நிறுத்திய முதல் மாதங்களில் இரவைத் தனியாகக் கழிக்காதே. விளக்கு எரியட்டும். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் படுக்கட்டும்.

5. குடியை விடுகிறவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போ. தமிழிலேயே நடக்கிறது, காசு கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நான்காம் படியில் உன் தவறுகளை எழுதச் சொல்வார்கள். சின்ன வயதில் உனக்கு நடந்ததை அந்தப் பட்டியலில் சேர்க்காதே. மிட்டாய் கொடுத்தான், பின்னாலேயே போனேன்; சத்தம் போடவில்லை; உடம்பு இணங்கிவிட்டது – இவற்றில் ஒன்றுகூட உன் தவறு கிடையாது. தொட்டால் சிலிர்ப்பது நரம்பின் வேலை, சம்மதம் ஆகாது. குடிக்க மனைவி கம்மலை அடகு வைத்தாயே, அதை எழுது. அதற்கு நீதான் பொறுப்பு.

6. ஆம்பளைக்கு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவனிடம் வாதாடாதே. மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்.

7. எல்லாரிடமும் சொல்லாதே, ஒருவரிடம் சொல். குடித்திருக்கும்போது சொல்லாதே. மூடிய அறையும் வேண்டாம். நான் எங்கள் ஊர் ரங்கநாதர் மலைப்படியில் உட்கார வைத்துத்தான் பேசுவேன், எழுந்து போக வழி திறந்திருக்கும். மேல்மலையனூர் அமாவாசைக்கு வீட்டார் கூப்பிட்டால் போ, அங்காளம்மன் முன்னால் அழு. பேய் பிடித்திருக்கிறது என்று யாராவது அடிக்க வந்தால் மட்டும் விடாதே. திரும்பி வந்து மனநல மருத்துவரைப் பார். பழையதை முழுக்கக் கிளறுவதற்கு முன் உறக்கமும் உடம்பும் நிலைக்கட்டும். நடு ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், தமிழில் பேசலாம்.

8. கல்யாண வீட்டில், உனக்குக் கொடுமை செய்த அந்த ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். ‘மாமா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கு’ என்று அம்மாவே தோளைப் பிடித்து அழுத்துவாள். விழாதே. மொய்யை எழுதிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடு. அந்த மாதிரி நாளில்தான் விட்ட குடி திரும்பும், அதனால் அன்று மாலை யாரோடு இருப்பது என்று முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள். மன்னித்தால்தான் குணமாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மன்னிக்காமலே குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

9. வழக்குப் போடுவது உன் விருப்பம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் நடந்தது பழைய தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும். மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குப் புகார் தரக் காலக்கெடு கிடையாது. முதலில் வக்கீலிடம் கேள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உதவி கிடைக்கும்.

ஆனால் அந்த ஆள் இன்றைக்கும் ஏதோ ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறான் என்று தெரிந்தால் காத்திருக்காதே. உன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் சொல். இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசு.